ஆம்ப்ளிபையரில் ஹம்மிங்: டிரான்ஸ்பார்மர் உறுமலைக் கண்டுபிடித்துக் குறைக்க முழுமையான வழிகாட்டி

பாட்டை நிறுத்திய பிறகும் ஆம்ப்ளிபையர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கிறது. பலரும் உடனே கடைக்குப் போய் சப்ளையின் டிசியைச் சமன்படுத்தும் பில்டர் கண்டென்சர் இரண்டைப் பெரிதாக வாங்கி வந்து மாட்டுவார்கள். முனகல் அப்படியே இருக்கும். அடுத்து டிரான்ஸ்பார்மரை மாற்றுவார்கள். அதற்கும் அடங்காமல் என்னிடம் வரும்போது பெட்டிக்குள் பாதிப் பொருள் புதிது, ஹம்மிங் மட்டும் பழையது.

சால்டரிங் எல்லாம் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். சோதித்த வரிசைதான் தவறு. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் சில படிகளுக்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது டிரான்சிஸ்டர், ஐசி ஆம்ப்களுக்கான வழிகாட்டி. வால்வு ஆம்ப்பின் உள்ளே பல நூறு வோல்ட் டிசி நிற்கும். அதைத் திறக்க இந்தக் கட்டுரை போதாது.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். கடையில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சின்ன மீட்டரே போதும்.

ஒரு சீரிஸ் லேம்ப் போர்டு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை பேஸ் வயரில் தொடராகச் சேர்த்து, அதன் பின்னால் ஒரு சாக்கெட் வைத்தால் போர்டு தயார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பொருள் கருகாது. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது.

470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இரு முனையிலும் வயர் வைத்து, ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள். பில்டர் கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தை வடிக்க இது வேண்டும். 10,000 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கண்டென்சர் இதில் அரை நிமிடத்தில் வடிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'பட்'டென்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கண்டென்சரின் முனையும் கெடும், பொறி கண்ணிலும் தெறிக்கும்.

இரண்டு ஷார்ட்டிங் பிளக். ஆடியோ வயரின் நுனியில் இருக்கும் ஆர்சிஏ பின் ஒன்றை எடுத்து, நடுக்கம்பியையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் செய்தால் அதுதான் ஷார்ட்டிங் பிளக். செலவு மிகக் குறைவு, ஆனால் இந்த வேலையில் இதைவிட உதவும் கருவி வேறில்லை.

பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். நம் வீடுகளில் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறி இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் ஆம்ப்பின் சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே பேஸ் உயிரோடு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின் கண்டென்சரை வடித்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு பக்கம் இருந்தால் இரண்டையும் வடிக்க வேண்டும்.

2. முதல் கேள்வி: முனகுவது பெட்டியா, ஸ்பீக்கரா?

ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். மீண்டும் ஆன் செய்து, பெட்டியின் மேல் காதை வையுங்கள். அறையில் ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஃபேனும் இதே சுருதியில்தான் முனகும்.

ஸ்பீக்கர் இல்லாமலும் சத்தம் வந்தால் டிரான்ஸ்பார்மரின் இரும்பும் கம்பியும் அதிர்கின்றன. இது இயந்திரச் சத்தம். எந்தக் கண்டென்சரை மாற்றினாலும் போகாது. படி 3, 4, 5 உங்களுக்கு.

பெட்டி அமைதியாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் முனகல் கேட்டால் அது மின்சார வழியாகப் பாட்டின் பாதையில் நுழைந்த சத்தம். படி 6-க்குத் தாவுங்கள். இரண்டும் இருந்தால் முதலில் பெட்டியைச் சரிசெய்யுங்கள். அது அடங்கினால்தான் மற்றது காதில் பிரிந்து தெரியும்.

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் கண்டென்சர் கடைக்கு அதிகம் போகிறார்கள்.

3. பெட்டி முனகினால், முதலில் வீட்டுக் கரண்டைச் சந்தேகியுங்கள்

நம்முடைய கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சியில் காந்தம் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். ஒவ்வொரு முறையும் இரும்புத் தகடு கடுகளவுக்கும் மிகக் குறைவாக நீண்டு சுருங்கும். அதனால் டிரான்ஸ்பார்மர் பாடும் சுருதி 100 ஹெர்ட்ஸ். எல்லா டிரான்ஸ்பார்மரும் கொஞ்சம் பாடும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் கேட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

வோல்டேஜ். சாக்கெட்டில் மீட்டரை வைத்து, மாலை ஒரு முறையும் நள்ளிரவில் ஒரு முறையும் அளந்து எழுதி வையுங்கள். மாலையில் 225 காட்டிய இடம், ஊர் அடங்கிய பிறகு 250 காட்டலாம். 220 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்த்துச் சுற்றிய டிரான்ஸ்பார்மருக்கு 250 கொடுத்தால் இரும்பு தாங்கும் காந்த அளவின் விளிம்புக்குப் போய்விடும். அப்போது உறுமும், சூடாகும். 'ராத்திரி மட்டும் சத்தம் வருது' என்று சொல்பவர்களில் பலர் வீட்டில் இதுதான் கதை. ஒரு ஸ்டெபிலைசரில் போட்டு 220-க்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் பாதியானால் காரணம் கிடைத்துவிட்டது.

இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் உறுமல் கூடினால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். சைன் வேவ் போல வழவழப்பாக ஏறி இறங்காமல் மேடும் பள்ளமுமாக வரும் கரண்டில் உயர் அதிர்வெண்கள் நிறைய இருக்கும். டிரான்ஸ்பார்மரும் ஃபேனும் சேர்ந்தே சிணுங்கும். ஆம்ப்பைத் திறந்து எதுவும் செய்ய முடியாது. சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும் வரை, கரண்ட் இல்லாதபோது ஆம்ப்பை இன்வெர்ட்டர் லைனிலிருந்து விலக்கி வையுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டி. உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்புக்கு ஸ்டெப் டவுன் வாங்கி மாட்டிவிட்டோம், சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். வோல்டேஜ் சரியாகும், அதிர்வெண் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50-ல் ஓடினால் அதன் இரும்பில் காந்தம் 20 சதவீதம் கூடும். பின்பக்கத் தகட்டில் '50/60' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என இரண்டும் ஓடுவதால் அந்த நாட்டு உள்ளூர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். ஆனால் அவை 100 வோல்ட். 110 வோல்ட் ஸ்டெப் டவுனில் போட்டால் அதுவும் உறுமும்.

மெயின்ஸில் கலந்த டிசி. இது டோராய்டல், அதாவது வளையல் டிரான்ஸ்பார்மருக்கே உரிய நோய். சில ஹேர் டிரையர்களும் ஹீட் கன்களும் 'லோ' நிலையில் ஒரு டயோடு வழியாக அரை அலையை மட்டும் எடுக்கும். அதனால் லைனில் சிறிதளவு டிசி சேரும். வளையல் கோரில், அதாவது அதன் இரும்பில், காற்று இடைவெளி இல்லை. அந்தச் சிறிய டிசிக்கே அது ஒரு பக்கமாகச் சாய்ந்து திடீரென உறுமும். சாதாரண மீட்டரில் இதை அளப்பது கடினம். அடையாளம் நேரம்தான். உறுமல் சில நிமிடம் வந்து தானாக நின்றால், அந்த நேரத்தில் வீட்டில் எது ஓடியது என்று கவனியுங்கள்.

இதற்கு டிசி பிளாக்கர் என்று ஒன்று உண்டு. பியூஸுக்குப் பின்னால், பேஸ் லைனில் தொடராக, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களை வைத்து, அவற்றுக்கு இணையாக டயோடுகளைப் போடுவார்கள். அது முழுக்க மெயின்ஸ் வோல்டேஜில் மிதக்கும் சர்க்யூட். பழக்கமில்லாதவர்கள் தயாராக விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் வயரில் மட்டும் எதையும் தொடராகப் போடக் கூடாது.

4. டிரான்ஸ்பார்மரைத் தனியே நிறுத்திக் கேளுங்கள்

கரண்ட் சரி என்றால் பெட்டியைத் திறக்கலாம். கண்டென்சரை வடித்த பின், டிரான்ஸ்பார்மரின் செகண்டரி வயர்கள், அதாவது ஆம்ப் போர்டுக்குப் போகும் வயர்கள், எல்லாவற்றையும் போர்டிலிருந்து கழற்றுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். சேர்த்துச் சுற்றினால் ஷார்ட்.

இப்போது சீரிஸ் லேம்ப் வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்துவிட்டால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட். அந்த டிரான்ஸ்பார்மருக்கு வைத்தியம் இல்லை.

பல்பு அணைந்தால் அடுத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துக் கேளுங்கள். லோடு இல்லாமலே உறுமினால் குறை இரும்பிலோ இறுக்கத்திலோ இருக்கிறது. படி 5 செய்யலாம். லோடு இல்லாதபோது அமைதி, போர்டை மாட்டினால் உறுமல் என்றால் டிரான்ஸ்பார்மரைத் திட்டாதீர்கள். அது சுமையைத் தாங்க முடியாமல் முனகுகிறது. டயோடு ஒன்று போயிருக்கும், கண்டென்சர் லீக் ஆகும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பாட்டு இல்லாதபோதே அதிகக் கரண்ட் இழுக்கும். ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். பாட்டே போடாமல் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு என்றால் பயாஸ் செட்டிங்கை, அதாவது பாட்டு இல்லாதபோது டிரான்சிஸ்டர் இழுக்கும் கரண்டின் அளவைப் பார்க்க வேண்டும்.

5. இரும்பின் சத்தத்தை அடக்குதல்

ஆங்கில ஈ, ஐ எழுத்து வடிவத் தகடுகளை அடுக்கிய சதுர (ஈ-ஐ) டிரான்ஸ்பார்மரில் நான்கு மூலை போல்ட்களையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடுகள் கோணிக்கொள்ளும். இறுக்கும்போது டிரான்ஸ்பார்மர் ஓடக் கூடாது, பிளக் வெளியே இருக்க வேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் வைண்டிங் கடையில் கொடுத்து வார்னிஷில் முக்கிச் சூட்டில் காய வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பிரஷ்ஷால் மேலே பூசுவதில் அழகு மட்டும் மிஞ்சும். வார்னிஷ் தகடுகளின் நடுவிலும் கம்பிகளின் நடுவிலும் இறங்க வேண்டும். அதற்கு முக்குவதுதான் வழி.

பிறகு பெட்டியோடு சேரும் இடம். டிரான்ஸ்பார்மர் மெதுவாகப் பாடினாலும் தகரப் பெட்டி அதை மத்தளம் போலப் பெருக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, போல்ட்டுக்கு மேலும் கீழும் வாஷர் போல வையுங்கள். இரண்டு மடிப்பு போதும். இந்த இடத்தில் பலர் ஒன்றை மறந்துவிடுவார்கள். ரப்பர் வைத்ததும் டிரான்ஸ்பார்மரின் இரும்புக்கும் பெட்டிக்கும் இருந்த மின்தொடர்பு அறுந்துவிடும். ஒரு மூலை போல்ட்டில் லக் (வயர் மாட்டும் உலோக வளையம்) வைத்து, எர்த் வயரைத் தனியாகக் கொடுங்கள்.

டோராய்டலுக்கு மேலும் கீழும் ரப்பர் வட்டு, அதன் மேல் தட்டு, நடுவில் ஒரே போல்ட். இதை நசுங்கும் வரை இறுக்கக் கூடாது. கம்பியின் இன்சுலேஷன் நொறுங்கும். கையால் அசைத்தால் நகராத அளவு போதும். அந்த நடு போல்ட்டில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது, கடைசிப் படியில் சொல்கிறேன்.

6. ஸ்பீக்கரில் ஹம்மிங் என்றால் வால்யூமைக் கேளுங்கள்

ஸ்பீக்கரை மாட்டி, வால்யூமை முழுக்கக் குறையுங்கள். முனகல் துளியும் மாறாமல் இருந்தால் குறை வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால், அதாவது பவர் ஆம்ப், பவர் சப்ளை, கிரவுண்டு (சர்க்யூட்டின் பூஜ்யப் புள்ளி) வயரிங். வால்யூமோடு ஏறி இறங்கினால் முன்னால், அதாவது இன்புட், ப்ரீ ஆம்ப், வெளியிலிருந்து வரும் கேபிள். இந்த ஒரு திருகலில் பாதி சர்க்யூட்டை விசாரணையிலிருந்து விலக்கிவிடலாம்.

அடுத்து எல்லா கேபிளையும் கழற்றி, இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக்குகளைச் செருகுங்கள். அமைதியாகிவிட்டால் ஆம்ப் நல்லது, வெளியே இருக்கும் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. படி 7. பிளக் போட்டும் முனகினால் உள்ளே. படி 8.

ஷார்ட்டிங் பிளக் இல்லாமல் வெறும் இன்புட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். திறந்திருக்கும் இன்புட் ஆன்டெனா மாதிரி. நல்ல ஆம்ப்கூட முனகும், நீங்கள் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள்.

சுருதியையும் கேட்டு வையுங்கள். செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, இயர்போனில் 50, பிறகு 100 ஹெர்ட்ஸ் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் 50 வரவே வராது. உங்கள் முனகல் அடிவயிற்றில் கேட்பது போன்ற 50 என்றால் எர்த் லூப், ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோக உறை) குறை, காந்தம். கரகரப்பு கலந்த 100 என்றால் பில்டர் கண்டென்சர் அல்லது அதன் வயரிங். ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜில் ஒரு டயோடு போனாலும் 50 வரும் என்பதால் இதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. வெளியிலிருந்து வரும் ஹம்: எர்த் லூப்

இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு வழியில் பூமியைத் தொட்டு, நடுவில் ஆடியோ கேபிளாலும் இணைந்திருந்தால் ஒரு வளையம் உருவாகும். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சின்ன வோல்டேஜ் அந்த கேபிளின் ஷீல்டு வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து பெருக்கப்படும்.

ஒவ்வொரு கேபிளாகச் செருகுங்கள். ஒன்றைச் செருகியதும் கேட்டுவிட்டு அடுத்தது. இரண்டை ஒன்றாகச் செருகினால் எது என்று தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், 'தம்பி, இந்த ஆம்ப் மூணு மாசமா முனகுது, ரெண்டு தடவை கண்டென்சர் மாத்தியாச்சு' என்றார். அவருடைய ஹாலில் போய்ப் பார்த்தேன். டிவி செட்டப் பாக்ஸிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு ஆடியோ வயர். செட்டப் பாக்ஸின் பின்னால் ஜன்னல் வழியாக வந்த கேபிள் டிவி வயர். அந்தக் கறுப்பு வயரின் பின்னைத் திருகிக் கழற்றினேன். முனகல் சட்டென்று நின்றது. மீண்டும் திருகினேன், வந்தது. அவர் அந்த ஒற்றை வயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் வயரின் ஷீல்டு தெருவில் எங்கெங்கோ பூமியைத் தொடுகிறது. ஆம்ப்பின் மூன்று பின் பிளக் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

தீர்வுகளைச் செலவு குறைந்ததிலிருந்து செய்யுங்கள். முதலில் டிவி, செட்டப் பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். கேபிள் டிவி காரணம் என்றால் அந்த வயரில் போடும் ஐசொலேட்டர் கிடைக்கும். டிவியில் ஆப்டிக்கல் அவுட் இருந்தால், ஆம்ப்பிலும் அதை வாங்க வழி இருந்தால் அதுவே சுத்தம். ஒளியில் எர்த் போகாது. எதுவும் இல்லை என்றால் ஆடியோ வயரில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். மலிவானவை பாட்டின் அடிச்சுருதியைக் (பாஸ்) கொஞ்சம் தின்றுவிடும், தெரிந்தே வாங்குங்கள்.

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிக் கேளுங்கள். பேட்டரியில் அமைதி என்றால் சார்ஜர் வழி வரும் சத்தம். ரெக்கார்டு பிளேயர் என்றால் அதிலிருந்து வரும் மெல்லிய தனி எர்த் வயர் ஆம்ப்பின் 'கிரவுண்டு' திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே முடியும். அதில் இரண்டு பின் பிளக் இருந்தால் திருப்பிச் செருகியும் பாருங்கள். பேஸ் இடம் மாறினால் சில நேரம் முனகல் குறையும்.

ஆம்ப்பின் எர்த் பின்னை வெட்டினால் முனகல் போகும். எல்லோரும் சொல்லும் குறுக்குவழி இது, உண்மையிலேயே வேலை செய்யும். அதனால்தான் ஆபத்து. நாளைக்கு டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் உடைந்தால் 230 வோல்ட் பெட்டியின் தகரத்துக்கு வரும். எர்த் இருந்தால் பியூஸ் போகும், பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் அடுத்துத் தொடுபவர்தான் எர்த். வெட்டாதீர்கள்.

அதே நேரத்தில் உங்கள் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230 அருகில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்தான் இருக்கலாம். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

8. உள்ளே: கண்டென்சரும் கிரவுண்டு வயரும்

இப்போதுதான் கண்டென்சரின் முறை. தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஹீட் சிங்க்குக்குப் பக்கத்தில் வெந்த கண்டென்சர் என்றால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றலாம். வோல்டேஜ் அதே அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை, கொள்ளளவு அதே அல்லது ஒரு படி மேல். 4,700 இருந்த இடத்தில் 10,000 பரவாயில்லை. 'பெரிசா போட்டா ஹம்மிங்கே வராது' என்று 47,000 போட்டால் ஆன் செய்யும்போதெல்லாம் பிரிட்ஜும் பியூஸும் அடி வாங்கும்.

சொந்தமாக அசெம்பிள் செய்த ஆம்ப்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு கண்டென்சரில் இல்லை, நடுவயரில். 24-0-24 டிரான்ஸ்பார்மரின் நடுவயர் இரண்டு பில்டர் கண்டென்சர்கள் சேரும் புள்ளிக்குப் போகும். பலர் ஆம்ப் போர்டின் கிரவுண்டையும் இன்புட் கிரவுண்டையும் வழியிலேயே, டிரான்ஸ்பார்மரின் நடுவயரில் ஒட்டிவிடுவார்கள். மின்னியல் பாடப் புத்தகப்படி இரண்டும் ஒரே புள்ளிதான். காதுக்கு அப்படி இல்லை.

கணக்குப் பாருங்கள். கண்டென்சர் நொடிக்கு 100 முறை, குறுகிய துடிப்பாகக் கரண்ட் இழுக்கும். துடிப்பு 10 ஆம்பியர், அந்தத் துண்டு வயரின் தடை 5 மில்லி ஓம் என்றால் வயரின் இரு முனைக்கும் 50 மில்லிவோல்ட் வித்தியாசம். இன்புட் கிரவுண்டு தவறான முனையில் இருந்தால் 30 மடங்கு பெருக்கும் ஆம்ப் அதை ஒன்றரை வோல்ட் கரகரப்பாக ஸ்பீக்கரில் தள்ளும்.

எனவே டிரான்ஸ்பார்மரின் நடுவயர் நேராகக் கண்டென்சர்கள் சேரும் இடத்துக்குப் போகட்டும். அந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு தனிப் புள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் கிரவுண்டு, ஆம்ப் போர்டு கிரவுண்டு, இன்புட் கிரவுண்டு, பெட்டியின் தகரம் எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனி வயரில் வரட்டும். ஒரு வயரிலிருந்து இன்னொன்றுக்குக் கிளை போட வேண்டாம்.

இன்புட் ஆர்சிஏ சாக்கெட் பெட்டித் தகரத்தைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷரோடு இருக்க வேண்டும். தொட்டால் உள்ளேயே ஒரு லூப். வால்யூம் கன்ட்ரோலின் உலோகத் தண்டைத் தொட்டால் முனகல் குறைகிறதா? அப்படியானால் அதன் உடல் கிரவுண்டு ஆகவில்லை. முதுகில் கொஞ்சம் சுரண்டி ஒரு வயரை சால்டர் செய்யுங்கள்.

மெயின்ஸ் வயர்களைத் தனியாகவும் செகண்டரி வயர்களைத் தனியாகவும் சடை போல முறுக்குங்கள். இன்புட் ஷீல்டு வயரை அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், கேட்க முடியாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில் போகட்டும்.

ப்ளூடூத், யூஎஸ்பி போர்டு தனி விஷயம். அதன் சத்தம் 'ம்ம்ம்' அல்ல, 'ஜிய்ய்' என்ற சிணுங்கல். ஆம்ப்பின் சப்ளையிலிருந்தே அதற்கும் 5 வோல்ட் எடுத்தால் இது வரும். பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேட்டட் மாட்யூல் வழியாகக் கொடுங்கள். அது தாங்குவது 1 வாட், அதாவது 200 மில்லி ஆம்பியர்தான். பென் டிரைவும் டிஸ்ப்ளேயும் சேர்ந்து அதற்கு மேல் இழுத்தால் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைத் தனியாகப் போடுவதே மேல்.

9. காந்தம் நேராகப் பாய்ந்தால்

எல்லாம் சரி, கிரவுண்டும் சரி, இன்னும் வழவழப்பான 50 ஹெர்ட்ஸ் மெல்லிசாகக் கேட்கிறதா? டிரான்ஸ்பார்மரின் கசிவுக் காந்தம் ப்ரீ ஆம்ப் போர்டின் தடங்களில் நேராகப் பாய்கிறது. செகண்டரி வயர் நீளம் அனுமதித்தால் திருகுகளைக் கழற்றி டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். இந்தக் காந்தம் தூரத்தோடு வெகு வேகமாகக் குறையும். இரண்டு அங்குலத்தை நான்காக்கினாலே காதுக்குத் தெரியும்.

நகர்த்த இடமில்லை என்றால் திருப்புங்கள். டோராய்டலை நடு போல்ட்டில் தளர்த்தி, கால் வட்டம் கால் வட்டமாகச் சுழற்றிக் கேளுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் முனகல் குழிக்குள் விழுந்தது போல இறங்கும். அந்த இடத்தில் மார்க்கர் கோடு போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பிளக் வெளியே. சோம்பேறித்தனம் இங்கேதான் ஷாக் கொடுக்கும்.

சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி வைக்கும் யோசனை அடிக்கடி வரும். 50 ஹெர்ட்ஸ் காந்தத்துக்கு அந்தத் தாள் இருப்பதே தெரியாது. இரும்புத் தகடு ஒன்றைக் குறுக்கே நிறுத்தினால் கொஞ்சம் பலன் உண்டு. ஈ-ஐ டிரான்ஸ்பார்மருக்கு ஒட்டியாணம் போல, வெளிப்புறமாகச் சுருளையும் இரும்பையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டையைச் சுற்றி, முனைகளைச் சேர்த்து சால்டர் செய்வார்கள். அது கசிவுக் காந்தத்தை மட்டும் தின்னும். பட்டை கோரின் ஜன்னலுக்குள், அதாவது சுருள் போகும் ஓட்டைக்குள், நுழையக் கூடாது. நுழைந்தால் ஷார்ட் ஆன ஒரு சுற்று அது.

10. புதிதாகச் சுற்றச் சொல்லும்போது

டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டிய நிலை வந்தால், சென்னை ரிச்சி தெருவில் தயாராகக் கிடைப்பதை எடுக்கும் முன் ஊரில் உள்ள வைண்டிங் கடையிடம் பேசிப் பாருங்கள். பிரைமரியை, அதாவது வீட்டுக் கரண்ட் வரும் சுற்றை, 230 அல்ல, 250 வோல்ட்டுக்குச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றுகள் கூடும், இரும்பில் காந்தம் குறையும், நள்ளிரவிலும் உறுமாது. செகண்டரியை அதற்கேற்ப ஏற்றிச் சொல்ல வேண்டும். 230-ல் உங்களுக்கு 24-0-24 வேண்டுமானால், 250-க்கு 26-0-26 என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்தால் செகண்டரி ஒவ்வொரு பக்கமும் இரண்டு வோல்ட் குறைவாக வரும்.

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே செம்புத்தாள் ஷீல்டு ஒன்று வைத்து வயர் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதை எர்த்தோடு சேர்க்கலாம். வார்னிஷில் முக்கிக் காய வைப்பதைப் பேசும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவசரத்துக்குக் கேட்டால் முதலில் விட்டுப்போவது அதுதான்.

11. மூடியைப் போட்ட பின் மீண்டும் ஒரு முறை

திறந்த பெட்டியில் அமைதியாக இருந்தது மூடியதும் அதிரலாம். மேல்மூடி தகரம் தளர்ந்து கிடந்தால் டிரான்ஸ்பார்மர் அதைத் தட்டும். ஓரங்களில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி இறுக்குங்கள்.

டோராய்டல் நடு போல்ட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அது என் சொந்தத் தவறு. ஓர் ஆம்ப்புக்கு 3 அங்குல போல்ட்டுக்குப் பதில் கையில் இருந்த நீளமானதைப் போட்டேன். திறந்து வைத்துச் சோதித்தபோது அருமையாக ஓடியது. மூடியைப் போட்டு ஆன் செய்தேன், ஓர் உறுமல், பியூஸ் போனது. திறந்தேன், புது பியூஸ், நன்றாக ஓடியது. மூடினேன், போனது. மூன்றாவது பியூஸோடுதான் மூடியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். பெயின்ட் உரிந்து ஒரு வட்டத் தழும்பு. போல்ட்டின் நுனி மூடியைத் தொட்டிருக்கிறது. அடிமுனை பெட்டியோடு, மேல்முனை மூடியோடு, மூடி பெட்டியோடு. வளையத்தின் நடுவே போகும் அந்த போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிட்டன.

மூடும் முன் போல்ட்டின் நுனிக்கும் மூடிக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். நீளம் கூடினால் வெட்டுங்கள். பிறகு சீரிஸ் லேம்ப்பில் போட்டு முதல் முறை ஆன் செய்யுங்கள், பல்பு அணைந்தால் நேரடி லைன். இரவு பதினொரு மணிக்கு, வோல்டேஜ் ஏறிய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு முறை கேளுங்கள்.